அட்மினுக்கும் தெரியாமல் சோர்ஸ் கோடை வைக்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பெருங்குடியில் சின்ன கம்பெனி. பதினைந்து பேருக்கும் சேர்த்து ஆபீஸில் ஒரே உபுண்டு சர்வர், எல்லோரும் எஸ்.எஸ்.ஹெச். (தூரத்திலிருந்து பாதுகாப்பாக சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக அதில் நுழைந்துதான் வேலை பார்க்கிறீர்கள். புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டு கிளையன்ட் என்.டி.ஏ. (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) போட்டிருக்கிறார், அவருடைய சோர்ஸ் கோட் உங்கள் டீமில் உள்ள நான்கு பேரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக்கூடாது. "மற்ற டீமும் பார்க்கக்கூடாது, சர்வர் அட்மினும் பார்க்கக்கூடாது. அந்த ஃபோல்டரை என்க்ரிப்ட் செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாஃப்ட்வேரின் பெயரிலிருந்து தொடங்கினால் வேறெங்கோ போய் நிற்போம். நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி அல்ல, மூன்று. பக்கத்து டீம்காரர் பார்க்காமல் எப்படி வைப்பது? ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) பாஸ்வேர்ட் கையில் உள்ள அட்மின் பார்க்காமல் எப்படி வைப்பது? சர்வரையோ அதன் டிஸ்க்கையோ தூக்கிக்கொண்டு போகிறவர் பார்க்காமல் எப்படி வைப்பது? என்க்ரிப்ஷன் மூன்றாவது ஆளுக்குத்தான் பதில். முதல் ஆளுக்கு லினக்ஸின் சாதாரண பெர்மிஷனே போதும், ஒழுங்காகப் போட்டால். இரண்டாவது ஆளை அதே மெஷினில் வைத்துக்கொண்டே தடுப்பதற்கு வழி இல்லை. கிண்டியிலும் ஓ.எம்.ஆர். பக்கமும் சின்ன கம்பெனிகளின் சர்வர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஏன் வழி இல்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான் இருக்கிறது. கோடை நீங்கள் எப்படிப் பூட்டி வைத்தாலும், எடிட்டர் திறக்கும்போதும் கம்பைலர் படிக்கும்போதும் அது பூட்டு இல்லாத வடிவில் அந்த மெஷினின் மெமரியில் இருந்தே ஆக வேண்டும். ரூட் அந்த மெமரியைப் படிக்கலாம். மவுன்ட் ஆகி, அதாவது பயன்பாட்டுக்குத் திறந்து, இருக்கும் என்க்ரிப்டட் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரிலேயே நுழையலாம். நீங்கள் டைப் செய்யும் பாஸ்ஃப்ரேஸைக்கூட இடையில் பிடிக்கலாம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் உங்கள் அறைக்கு எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் மேனேஜரிடம் மாற்றுச் சாவி இருக்கும், அதே கதை. ஆகவே "அட்மினும் பார்க்க முடியாது" என்று கிளையன்டிடம் எழுதிக் கொடுக்காதீர்கள். அது உண்மை ஆகாது.

இனி முதல் ஆள். நடைமுறையில் கசிவு அதிகம் நடப்பது இங்கேதான். அதுவும் யாரும் திருடுவதால் அல்ல, கதவு திறந்து கிடப்பதால். முதலில் பார்க்க வேண்டியது, பொது லாகின் இருக்கிறதா என்பது. "டெவ்" என்று ஒரு யூசர், அதன் பாஸ்வேர்ட் வாட்ஸாப் குரூப்பில், எல்லோரும் அதிலேயே உள்ளே வருவது என்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. உங்கள் ஆபீஸிலும் அப்படி இருந்தால் கீழே சொல்லும் எதுவும் பயன்படாது. லினக்ஸுக்கு மனிதர்களைத் தெரியாது, யூசர் எண் மட்டும்தான் தெரியும். ஆளுக்கு ஒரு அக்கவுன்ட், ஆளுக்கு ஒரு எஸ்.எஸ்.ஹெச். கீ, பாஸ்வேர்ட் லாகின் நிறுத்தம். இது ஒரு மதிய வேலை.

அடுத்து ஹோம் டைரக்டரி, அதாவது ஒவ்வொரு யூசருக்கும் உள்ள சொந்த ஃபோல்டர். உபுண்டுவில் நெடுங்காலம் புது யூசரின் ஹோம் டைரக்டரி 755 என்ற பெர்மிஷனோடுதான் உருவானது. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குரூப், மற்றவர்கள் ஆகியோருக்கான அனுமதி; 755 என்றால் மெஷினில் உள்ள எவரும் உள்ளே போய்ப் படிக்கலாம். 21.04 வெளியீட்டில்தான் அதை 750 ஆக்கினார்கள். ஆனால் பழைய வெர்ஷனிலிருந்து அப்கிரேட் செய்துகொண்டே வந்த சர்வரில் முன்பே இருந்த யூசர்களின் டைரக்டரி 755 ஆகவே நிற்கும். "நாங்கள் புது உபுண்டுதான் போட்டிருக்கிறோம்" என்று சொல்லும் ஆபீஸ்களிலும் இதனால்தான் பாதிப் பேரின் ஹோம் திறந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பக்கத்து டீமில் ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய லாகினில் உங்கள் ஃபோல்டரைப் பட்டியலிடச் சொல்லுங்கள். அவர் திரையில் "பெர்மிஷன் டினைட்" என்று வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் லாகினிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

கோட் ஹோம் டைரக்டரியில் இருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ப்ராஜெக்டுக்கென்று ஒரு குரூப் உருவாக்கி, நான்கு பேரை மட்டும் அதில் சேருங்கள். தனியாக ஒரு டைரக்டரி, குரூப் உரிமை இந்த குரூப்புக்கு, பெர்மிஷன் 2770. முதலில் வரும் அந்த 2 முக்கியம்: உள்ளே புதிதாக உருவாகும் ஒவ்வொரு ஃபைலும் உருவாக்கியவரின் சொந்த குரூப்புக்குப் போகாமல் ப்ராஜெக்ட் குரூப்பிலேயே பிறக்கும். அது இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் "அண்ணா, நீங்க கமிட் பண்ணதை என்னால எடிட் பண்ண முடியல" என்று ஒருவர் வருவார். அதற்கு யாராவது "அந்த ஃபோல்டருக்கு மொத்தமா 777 போட்டுரு" என்று சொல்வார். 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும், அத்தோடு எல்லாம் போச்சு.

இந்த 777 விபத்தைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. மேல் டைரக்டரியின் உரிமையாளராக டீமில் யாரையும் வைக்காமல் ரூட்டையே வையுங்கள். பெர்மிஷனை மாற்ற உரிமையாளரால் மட்டுமே முடியும் என்பதால், உள்ளே யார் என்ன 777 போட்டாலும் வாசல் கதவு அசையாது. மேல் டைரக்டரியில் மற்றவர்களுக்கு நுழைவு இல்லை என்றால், உள்ளே இருக்கும் ஃபைல் எவ்வளவு திறந்து கிடந்தாலும் அவர்களால் அதைத் தொட முடியாது. நான்கு பேருக்கும் யுமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதி இருக்கக்கூடாது என்ற செட்டிங்) 007 என்று வைத்துவிடுங்கள். உள்ளே இருப்பதை மற்ற டீமிடமிருந்து மறைக்க அது அவ்வளவு தேவையில்லை. அவர்கள் அந்த டைரக்டரிக்கு வெளியே உருவாக்கும் ஃபைல்களுக்குத்தான் தேவை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பலர் யோசிக்காத ஒன்று: கிளையன்டின் பெயரே ரகசியமாக இருக்கலாம். பல என்.டி.ஏ.க்களில் "எங்களோடு வேலை செய்வதையே வெளியில் சொல்லக்கூடாது" என்று ஒரு வரி இருக்கும். லினக்ஸில் குரூப் பட்டியலை எந்த யூசரும் படிக்கலாம். கிளையன்டின் பெயரில் குரூப் வைத்தால், உள்ளே யார் யார் என்பதோடு கிளையன்ட் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். டைரக்டரியின் பெயர், டேட்டாபேஸின் பெயர், சப்டொமைன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "பாலாறு", "பொருநை" என்பதுபோல் சம்பந்தமில்லாத பெயர் ஒன்றை முதல் நாளே வைத்துவிடுங்கள். பாதியில் மாற்றுவது பெரிய தலைவலி.

இவ்வளவும் செய்துவிட்டு, டாக்கரை (ப்ரோக்ராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் சாஃப்ட்வேர்) கவனிக்காமல் விட்டால் மொத்தமும் வீண். டாக்கர் குரூப்பில் ஒருவரைச் சேர்ப்பது அவருக்கு ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம். டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அந்த குரூப்பில் உள்ளவர் சர்வரின் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து, கன்டெய்னருக்குள் ரூட்டாக இருந்துகொண்டு எதையும் படிக்கலாம். ஒரே வரி கமாண்ட். டெவலப்மென்ட் சர்வர்களில் "டாக்கர் ஓடவில்லை" என்று யாராவது சொன்னதும் அட்மின் செய்யும் முதல் காரியம் அவரை அந்த குரூப்பில் சேர்ப்பதுதான். உங்கள் சர்வரில் பதினைந்து பேரும் அதில் இருந்தால் பதினைந்து ரூட் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மாற்று இருக்கிறது: ரூட் அதிகாரம் இல்லாமல் ஓடும் ரூட்லெஸ் டாக்கர் 20.10 வெர்ஷனிலிருந்து சோதனை நிலையைத் தாண்டிவிட்டது. அதே வகை சாஃப்ட்வேரான பாட்மேனும் ரூட் இல்லாமலே ஓடும். சில பழைய கம்போஸ் ஃபைல்கள் அப்படியே ஓடாது. போர்ட் எண், வால்யூம் உரிமை ஆகியவற்றில் கொஞ்சம் கைவைக்க வேண்டியிருக்கும். செய்யத் தகுந்த வேலைதான். அதே மூச்சில் சூடோ பட்டியலையும் (யார் எதை ரூட்டாக ஓட்டலாம் என்ற பட்டியல்) பாருங்கள். "ஒரு எடிட்டரை மட்டும் ரூட்டாக ஓட்ட அனுமதி" என்று போட்டிருப்பார்கள். எடிட்டருக்குள்ளிருந்தே ஷெல் திறக்கலாம் என்பதால் அதுவும் முழு ரூட்தான்.

ரூட் ஆவதற்கு அனுமதி இல்லாதவரும் ரூட் ஆக முடியும், சர்வர் அப்டேட் ஆகாமல் கிடந்தால். 2022 ஜனவரியில் வெளிவந்த ப்வ்ன்கிட் என்ற ஓட்டை, பெரும்பாலான லினக்ஸ் டிஸ்ட்ரோக்களோடு வரும் பி.கே.எக்ஸெக் என்ற சின்ன ப்ரோக்ராமில் 2009 முதல் இருந்தது. சாதாரண யூசர் எவரும் அதை வைத்து ரூட் ஆகலாம். அதே வருடம் மார்ச்சில் வந்த டர்ட்டி பைப் என்ற ஓட்டை லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருந்தது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மெஷினில் இவற்றின் ஆபத்து குறைவு. பலர் லாகின் செய்யும் சர்வரில் இவைதான் முதல் ஆபத்து. "ஓடிக்கிட்டிருக்கு, எதுக்கு ரீபூட்" என்று மாதக்கணக்கில் விட்டிருக்கும் சர்வரில் பெர்மிஷனை நுணுக்கமாகச் செதுக்கிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது, நான் பார்த்த வரையில் எல்லோரும் கோட்டை விடும் இடம்: நகல்கள். டைரக்டரியைப் பூட்டுகிறோம், ஆனால் கோட் அந்த டைரக்டரியில் மட்டும் இருப்பதில்லை. வி.எஸ். கோட் எடிட்டரை ரிமோட் முறையில் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நீங்கள் சேவ் செய்யும் ஃபைல்களின் பழைய வடிவங்களை அது உங்கள் ஹோம் டைரக்டரியில் மறைந்திருக்கும் தன் சர்வர் ஃபோல்டருக்குள் "ஹிஸ்டரி" என்ற பெயரில் சேர்த்துக்கொண்டே வரும். ப்ராஜெக்ட் டைரக்டரி 2770, ஹோம் 755 என்று இருந்தால் கோட் பக்கத்துக் கதவு வழியாக வெளியே தெரிய வாய்ப்பு உண்டு. விம் எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்களின் ஸ்வாப், அண்டூ ஃபைல்கள் எங்கே விழுகின்றன என்று செட்டிங்கைப் பாருங்கள். டெம்ப் டைரக்டரி இன்னும் மோசம்: அங்கே மற்றவர் ஃபைலை அழிக்க முடியாது என்பதுதான் பாதுகாப்பு, படிக்க முடியாது என்பது அல்ல. அவசரத்துக்கு அங்கே எடுத்து வைத்த டேட்டாபேஸ் டம்ப், கிளையன்ட் அனுப்பிய ஜிப், பில்ட் செய்யும்போது விழுந்த இடைநிலை ஃபைல்கள் எல்லாம் சாதாரண யுமாஸ்க்கில் எல்லோருக்கும் தெரியும். 007 வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நான்கு பேருக்கும் டெம்ப் இடத்தையே ப்ராஜெக்ட் டைரக்டரிக்குள் மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களும் பேசும். பி.எஸ். கமாண்ட் அடித்தால் மற்றவர்கள் என்ன கமாண்ட் ஓட்டுகிறார்கள் என்பது அதன் முழு வாதங்களோடு எந்த யூசருக்கும் தெரியும். டோக்கனையோ பாஸ்வேர்டையோ கமாண்ட் வரியிலேயே கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். என்விரான்மென்ட் வேரியபிளை அந்த யூசரும் ரூட்டும் மட்டுமே படிக்க முடியும், அதனால் அது பரவாயில்லை. ப்ராசஸ் விவரங்களைக் காட்டும் ப்ராக் மவுன்ட்டில் ஹைட்பிட் என்ற ஆப்ஷன் போட்டு மற்றவர் ப்ராசஸ்களையே மறைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது வேலை செய்யும், ஆனால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள சர்வர்களில் வேறு சில சேவைகள் தடுமாறக்கூடும்; சோதித்துப் பார்க்காமல் போட வேண்டாம். போர்ட் விஷயமும் அப்படியே. டெவலப்மென்ட் வெப் சர்வரை எல்லா முகவரியிலும் திறந்து வைத்தால் ஆபீஸ் வைஃபையில் உள்ள எவரும் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியும். லோக்கல்ஹோஸ்டில் (அந்த மெஷினுக்குள் மட்டும் செல்லும் முகவரி) மட்டும் திறந்தாலும் அதே சர்வரில் லாகின் செய்திருக்கும் மற்ற பதினோரு பேரும் பார்க்கலாம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. லோக்கல்ஹோஸ்டுக்கு யூசர் வேறுபாடு கிடையாது. ஆகவே அப்ளிகேஷனுக்கே லாகின் வேண்டும், அல்லது போர்ட்டுக்குப் பதில் ப்ராஜெக்ட் டைரக்டரிக்குள் இருக்கும் யூனிக்ஸ் சாக்கெட் (ஃபைலைப் போலப் பெர்மிஷன் உள்ள இணைப்பு) வேண்டும்.

ஆபீஸில் கிட்லேப் (கோடைச் சேமித்துப் பகிரும் சர்வர்) வைத்திருந்தால் ப்ராஜெக்டின் விசிபிலிட்டி "ப்ரைவேட்" என்று இருக்கிறதா பாருங்கள். "இன்டர்னல்" என்ற சொல்லைப் பார்த்து நம் டீமுக்குள் மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த கிட்லேபில் லாகின் உள்ள ஏறக்குறைய எல்லோரும் அதைப் படிக்கலாம். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டின் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் "ஸ்டோர்" முறை அதை வெறும் எழுத்தாகவே ஹோமில் எழுதி வைக்கும், வேண்டாம். எஸ்.எஸ்.ஹெச். ஏஜென்ட் ஃபார்வர்டிங் (உங்கள் லேப்டாப்பில் உள்ள கீயை சர்வரிலிருந்தே பயன்படுத்தும் வசதி) போட்டு சர்வருக்குள் வந்தால், நீங்கள் லாகினில் இருக்கும் நேரம் முழுவதும் அந்த சர்வரின் ரூட் உங்கள் கீயை வைத்து கிளையன்டின் கிட் சர்வருக்கு உங்கள் பெயரிலேயே போகலாம். அந்த ஒரு ரெப்பாசிட்டரிக்கு (கோட் தொகுப்புக்கு) மட்டும் செல்லும் டிப்ளாய் கீ ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

2022 ஏப்ரல் முதல் கிட் ஒரு புது எரர் தருகிறது: வேறொருவருக்குச் சொந்தமான ரெப்பாசிட்டரியில் வேலை செய்ய மறுத்து, அதை "சேஃப் டைரக்டரி"யில் சேர்க்கச் சொல்லும். பலரும் எரிச்சலில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா டைரக்டரியையும் அனுமதித்துவிடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பு வந்ததே உங்களுடையதைப் போன்ற பொது சர்வருக்காகத்தான். இன்னொருவர் வைத்த கிட் கான்ஃபிக் உங்கள் பெயரில் கமாண்ட் ஓட்டிவிடக்கூடாது என்பதற்காக. உங்கள் ப்ராஜெக்டின் பாதையை மட்டும் சேருங்கள்.

பேக்கப்பை மறக்காதீர்கள். இரவில் ஓடும் பேக்கப் ரூட்டாக ஓடி, எல்லா பெர்மிஷனையும் தாண்டிப் படித்து, மூலையில் இருக்கும் என்.ஏ.எஸ்.ஸில் (நெட்வொர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டியில்) கொண்டு போய்க் கொட்டும். அந்த என்.ஏ.எஸ். விண்டோஸ் ஷேராக எல்லோருக்கும் திறந்திருக்கும். ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் சாஃப்ட்வேர்கள் பேக்கப்பையே என்க்ரிப்ட் செய்து வைக்கும். இந்த ப்ராஜெக்டுக்குத் தனி ரெப்பாசிட்டரி, தனி பாஸ்வேர்ட் என்று வையுங்கள். என்.எஃப்.எஸ். (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக ப்ராஜெக்ட் டைரக்டரியை லேப்டாப்களுக்கு ஷேர் செய்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். வழக்கமான என்.எஃப்.எஸ். லேப்டாப் சொல்லும் யூசர் எண்ணை அப்படியே நம்பும். தன் லேப்டாப்பில் ரூட்டாக இருப்பவர் எந்த எண்ணையும் சொல்லலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கோடைவிட, கோடுக்குள் இருக்கும் கீகளும் கிளையன்டின் நிஜ டேட்டாவும்தான் பெரிய சேதம் செய்பவை. 2016-ல் ஊபரில் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் போனதற்குக் காரணம், அவர்களுடைய ப்ரைவேட் கிட்ஹப் ரெப்பாசிட்டரிக்குள் நுழைந்தவர்கள் அங்கே அமேசான் கிளவுடின் கீயைக் கண்டெடுத்ததுதான். கிளையன்ட் ப்ரொடக்ஷன் டம்ப் அனுப்பினால் வாங்காதீர்கள். பெயர், போன் எண் எல்லாம் மாற்றிய மாதிரி டேட்டாவைக் கேளுங்கள். தவறுதலாக கமிட் ஆன கீயை அடுத்த கமிட்டில் அழித்தால் போகாது, ஹிஸ்டரியில் இருக்கும். அந்தக் கீயையே மாற்றியாக வேண்டும். எடிட்டரில் ஏ.ஐ. உதவியாளர் போட்டிருப்பவர்கள், கோடின் பகுதிகள் வெளி சர்வருக்குப் போகின்றன என்பதை மனதில் வைத்து, மூன்றாம் நபர் பற்றிய என்.டி.ஏ. ஷரத்தைப் படித்துவிட்டு கிளையன்டிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இப்போது மூன்றாவது ஆள், டிஸ்க்கைத் தூக்கிப் போகிறவர். இங்கேதான் நீங்கள் கேட்ட என்க்ரிப்ஷன் வருகிறது. லினக்ஸோடு வரும் லக்ஸ் என்ற டிஸ்க் என்க்ரிப்ஷன் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். சர்வர் திருடு போவது அரிது. ஆனால் டிஸ்க் பழுதாகி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரிப்பேருக்கோ ரெக்கவரிக்கோ போவது சாதாரணம். என்க்ரிப்ட் ஆகாத டிஸ்க்கைக் கடையில் கொடுப்பது கோடையே கொடுப்பதுதான். ப்ராஜெக்டுக்கென்று தனி வால்யூம் உருவாக்கி அதை மட்டும் லக்ஸில் வைத்தால் இன்னொரு வசதியும் கிடைக்கும், முடிவில் சொல்கிறேன். ஒரு சிக்கல் உண்டு: கரன்ட் போய், யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து, சர்வர் மீண்டும் எழுந்தால் அந்த வால்யூம் பாஸ்ஃப்ரேஸ் கேட்டு நிற்கும். அந்தத் தொல்லைக்காக, அதே டிஸ்க்கில் கீ ஃபைலை வைத்துத் தானாகத் திறக்கும்படி செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் என்க்ரிப்ட் செய்ததே வீண். நான்கு பேரில் ஒருவர் காலையில் வந்து பாஸ்ஃப்ரேஸ் அடித்துத் திறப்பது ஒன்றும் பெரிய சுமை அல்ல.

திரும்பவும் அட்மினிடம் வருகிறேன். தடுக்க முடியாது என்றால் மூன்று வழிகள் மிஞ்சுகின்றன. ஒன்று, அவரை நம்பகமான வட்டத்துக்குள் கொண்டுவருவது: ரூட் இருவருக்கு மேல் இல்லை, அவர்களும் இந்த ப்ராஜெக்டின் என்.டி.ஏ.வில் கையெழுத்திடுகிறார்கள், கிளையன்டுக்கு அவர்கள் பெயர் தெரியும். இதோடு ஆடிட்-டி என்ற கண்காணிப்பை அந்த டைரக்டரிமேல் வைத்து, லாகை உடனுக்குடன் வேறொரு மெஷினுக்கு, அந்த அட்மினுக்கு ரூட் இல்லாத மெஷினுக்கு, அனுப்புங்கள். யார் திறந்தார் என்று பின்னால் தெரியும், திறப்பதைத் தடுக்காது. ரூட் கண்காணிப்பையே நிறுத்திவிடலாம். ஆனால் ரீபூட் செய்யாமல் விதிகளை மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கலாம், அந்த ரீபூட் வெளி லாகில் ஒரு இடைவெளியாகத் தெரியும். பெரும்பாலான சின்ன கம்பெனிகளுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். அட்மினைச் சந்தேகத்தோடு நடத்தாமல், அவரிடமே இதைப் பேசிச் செய்தால் அவரும் விரும்புவார். ஏதாவது நடந்தால் முதலில் விரல் நீளப்போவது அவரை நோக்கித்தான், லாக் அவருக்கும் காவல்.

இரண்டாவது வழி, அதே சர்வரில் லினக்ஸின் கே.வி.எம். வசதி மூலம் தனி வர்ச்சுவல் மெஷின், அதாவது சர்வருக்குள் இன்னொரு சர்வர். மற்ற டீம்காரர்களிடமிருந்து பிரிக்க இதைவிடச் சுத்தமான வழி இல்லை. மேலே சொன்ன டெம்ப், போர்ட், ப்ராசஸ் தொல்லைகள் ஒரேயடியாகத் தீரும். மெமரி இருந்தால் பெர்மிஷனோடு மல்லுக்கட்டாமல் நேராக இதற்கே போகலாம். ஆனால் கீழே இருக்கும் மெஷினின் ரூட்டுக்கு இதுவும் திறந்த புத்தகம்தான். ஏ.எம்.டி., இன்டெல் இரண்டும் வர்ச்சுவல் மெஷினின் மெமரியை ஹோஸ்டிடமிருந்தே மறைக்கும் தொழில்நுட்பம் கொடுக்கின்றன. அதற்கு ஏற்ற ப்ராசஸர், பயாஸ், கெர்னல் எல்லாம் ஒத்து வர வேண்டும். அவற்றின் மேலும் அவ்வப்போது தாக்குதல்கள் நிரூபிக்கப்பட்டுள்ளன. பெருங்குடி ஆபீஸ் ஒன்றில் அதை நம்பி கிளையன்டுக்கு வாக்குக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, கிளையன்ட் உண்மையிலேயே "உங்கள் அட்மின்கூட" என்று பிடிவாதமாக இருந்தால் ஒரே நேர்மையான பதில்: உங்கள் சர்வரில் வைக்காதீர்கள். கிளையன்டே தன் கிளவுட் அக்கவுன்டில் மெஷின் கொடுக்கட்டும். நீங்கள் நால்வர் அதில் லாகின் செய்து வேலை பாருங்கள். ரூட் அவர்களிடம், லாக் அவர்களிடம், பேக்கப் அவர்களிடம். வெளிநாட்டில் இருக்கும் மெஷினில் டைப் செய்தால் தாமதம் என்ற குறை இருந்தால், மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஷூரின் தென்னிந்திய ரீஜியன் சென்னையிலேயே இருக்கிறது, அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு. செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வரும். கட்டுப்பாட்டைக் கேட்பவர் கிளையன்ட், ஆகவே கேளுங்கள்; இப்படிக் கேட்டதும் பல கிளையன்ட்கள் முதல் வழிக்கே இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு சில வரி. நான் வக்கீல் அல்ல, ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டிவிடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு அனுமதியின்றி நகலெடுப்பதையும், கெடுதல் செய்யும் நோக்கத்தோடு சோர்ஸ் கோடைத் திருடுவதையும் சொல்கிறது; அதை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. 72ஏ பிரிவு ஒப்பந்தத்தை மீறித் தனிநபர் விவரங்களை வெளியிடுவது பற்றியது; கிளையன்டின் டேட்டா டம்ப் உங்களிடம் இருந்தால் அது உங்களைத் தொடும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவு, பட்டியலில் உள்ள சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. ஆடிட் லாகை எவ்வளவு நாள் வைப்பது என்று யோசித்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆள் வெளியேறும் நாளும் ப்ராஜெக்ட் முடியும் நாளும். டீமிலிருந்து ஒருவர் மாறினால் குரூப்பிலிருந்து அவர் பெயரை எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே ஓடும் ப்ராசஸ்கள் தொடங்கியபோது இருந்த குரூப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். லாகவுட் செய்த பிறகும் செஷனை ஓட வைக்கும் டீமக்ஸில் ஒரு செஷனைத் திறந்து விட்டிருந்தால், அவர் வேறு டீமுக்குப் போய் ஒரு மாதம் ஆனாலும் அந்த செஷனுக்குள் கோடைப் படிக்க முடியும். அவர் பெயரில் ஓடும் எல்லாவற்றையும் நிறுத்தி, நேரம் குறித்துத் தானாக ஓடும் க்ரான் வேலைகளையும் டிப்ளாய் கீயையும் சரிபார்த்த பிறகுதான் அது முடிந்த வேலை. ப்ராஜெக்ட் முடிந்ததும் கிளையன்ட் "அழித்துவிட்டோம்" என்று கடிதம் கேட்பார். எஸ்.எஸ்.டி.யில் ஃபைலின்மேல் எழுதி அழிக்கும் பழைய முறைக்கு உத்தரவாதம் இல்லை. டிஸ்க் தன் வசதிக்குப் புது இடத்தில் எழுதும், பழைய பிட்டுகள் அங்கேயே கிடக்கலாம். தனி லக்ஸ் வால்யூம் என்று சொன்னது இதற்குத்தான். அதன் கீ ஸ்லாட்டுகளை அழித்து, தலைப்புப் பகுதிக்கு எடுத்து வைத்த நகலையும் அழித்துவிட்டால், அந்த வால்யூமில் இருப்பதை நடைமுறையில் யாரும் திறக்க முடியாது. அதே நாளில் பேக்கப் ரெப்பாசிட்டரி, நால்வரின் ஹோமில் உள்ள எடிட்டர் ஹிஸ்டரி, லேப்டாப்களில் உள்ள க்ளோன்கள் ஆகியவற்றையும் நீக்கி, எதை எப்போது நீக்கினீர்கள் என்று ஒவ்வொன்றாக அந்தக் கடிதத்தில் எழுதி, நால்வரும் அட்மினும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.